நின்ற நாளும் கணக்குதான்

குற்றாலச் சாரலுக்குக் கிளம்பிய ஒரு வேனும், அதன் நாற்பது பக்க நோட்டும்

ஆனி முடிந்து ஆடி பிறக்கும் சமயம். கங்கைகொண்டான் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கோடை உழவு முடிந்து, மண் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. புரட்டாசி விதைப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இங்கே அடிப்பது புழுதிக் காற்று. ஆனால் அதே காற்று மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும்போது ஈரத்தோடு நுழைகிறது. தென்காசியிலும் குற்றாலத்திலும் அதற்குச் சாரல் என்று பெயர்.

கங்கைகொண்டானைத் தொட்டுக்கொண்டு ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாறு, குற்றால மலையில்தான் பிறக்கிறது. "நம்ம ஆத்துத் தண்ணி பொறக்குற எடத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வருவோம்ல" என்று அந்த வீட்டு ஆச்சி ஆரம்பித்துவிட்டால், பிறகு யாராலும் தடுக்க முடியாது. ஆச்சிக்கு வயது 78.

அது ஒரு விவசாயக் குடும்பம். பத்து ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு, ஒரு டிராக்டர், அதற்கு ஒரு டிரெய்லர். இவற்றோடு பழைய டீசல் வேன் ஒன்றும் உண்டு. கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று சொந்தபந்தம் முழுக்க அதில்தான் போகும். ஓட்டுவது வீட்டுக்காரரின் தங்கை மகன். கணக்கு எழுதுவது வீட்டுக்காரர்.

டேஷ்போர்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டும், நூல் கட்டிய பேனாவும் எப்போதும் கிடக்கும். கிளம்பும்போது மீட்டர் எத்தனை, போய்ச் சேர்ந்தபோது எத்தனை, டீசல் எத்தனை லிட்டர், என்ன வேலை பார்த்தது என்று நான்கு பத்தி. அன்றைக்கு விடியற்காலை நாலரை மணிக்கு அவர் எழுதிய வரி: "1,84,212. குற்றாலம். ஆள் 9."

பாவூர்சத்திரத்தில் ஒரு டீ

திருநெல்வேலியிலிருந்து தென்காசி சுமார் 55 கிலோமீட்டர். ஆலங்குளம் தாண்டியதும் காற்றின் குணம் மாறுகிறது. மலை நீலமாக எழுந்து நிற்க, அதன் தலையில் மேகம் படுத்திருக்கிறது. காற்றாலைகளின் இறக்கைகள் சளைக்காமல் சுற்றுகின்றன. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகும் லோடு ஆட்டோக்கள், வெண்டையும் கத்தரியும் மூட்டையாக ஏற்றிக்கொண்டு வேனை முந்துகின்றன.

டீக்கு நிறுத்தினார்கள். மற்றவர்கள் கடைக்குப் போக, வீட்டுக்காரர் மட்டும் வழக்கம்போல வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான்கு சக்கரத்துக்கும் நடுவே, இரும்பைத் தொடாமல், கையின் பின்புறத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். ஓடி வந்த சக்கரத்தில் இளஞ்சூடு இருக்கும், அது இயல்பு. நான்கிலும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு மூன்றில் இளஞ்சூடு இருந்தது. இடது பின்சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அனல் அடித்தது.

"மருமகனே, இங்க வா. இதுல கைய வச்சுப் பாரு."

"வெயில் பட்ட பக்கமா இருக்கும் மாமா."

"மணி ஆறேகால். எங்கல வெயிலு?"

அவர் நோட்டைப் பிரித்தார். "1,84,273. இ.பின் சூடு" என்று எழுதிவிட்டு, முன்பக்கங்களைப் புரட்டினார். டேங்கை நிரப்பும்போதெல்லாம், முந்தைய முறை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்து ஓரத்தில் எழுதி வைப்பது அவர் வழக்கம். தை மாதம் 492 கிலோமீட்டருக்கு 41 லிட்டர், லிட்டருக்கு 12. மாசியில் 472 கிலோமீட்டருக்கு 40 லிட்டர், 11.8. கடைசியாக, மதுரைக் கல்யாணத்துக்குப் போய் வந்தபிறகு 395 கிலோமீட்டருக்கு 38 லிட்டர். லிட்டருக்கு 10.4கூட முழுதாக வரவில்லை.

அன்றைக்கு அதைப் பார்த்தபோது "கல்யாணக் கூட்டம், ஆள் கூட" என்று மருமகன் சொன்னார். அவரும் ஒத்துக்கொண்டார். இப்போது, சூடான சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, அந்த எண் வேறு மாதிரித் தெரிந்தது. ஏதோ ஒன்று வேனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்தாலும், டயரில் காற்று குறைந்தாலும் டீசல் கூடத்தான் குடிக்கும். ஆனால் ஒரே ஒரு சக்கரம் மட்டும் சூடானால் அது பிரேக், இல்லையென்றால் பேரிங்.

ஏறினால் இறங்கியாக வேண்டும்

அதற்குள் மருமகனின் போனில் சேதி வந்துவிட்டது. மலையில் ராத்திரி முழுக்க மழை. பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வேனுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது.

"அப்ப ஒண்ணு செய்வோம் மாமா. நேரே செங்கோட்டை, புளியரை வழியா மலையேறி ஆரியங்காவு ஐயனைக் கும்பிட்டுட்டு வந்துருவோம். சாயங்காலத்துக்குள்ள தண்ணி வடிஞ்சிரும்."

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அவருடைய மனைவிகூட, "போய்ட்டு வந்துரலாமே" என்றார். தென்காசியிலிருந்து செங்கோட்டை எட்டு கிலோமீட்டர்தான். பிறகு புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், அதைத் தாண்டினால் கேரளம். திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 அது. இராப்பகலாகச் சுமை லாரிகள் ஏறி இறங்குகிற தடம்.

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "ஏறிரும். வண்டி நல்லா ஏறும். இறங்குறதுதான் பிரச்சினை."

பிரேக் உரசிக்கொண்டே இருந்தால் டிரம் சூடாகும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். பிரேக் ஆயிலுக்குக் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் குணம் உண்டு. ஈரம் சேர்ந்த பழைய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவிக்குமிழி கட்டும். பெடலை மிதித்தால், அந்த மிதி குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்கு வந்து சேராது. சமதளத்தில் இது நடந்தால் வண்டியை ஓரம் கட்டலாம். எஸ் வளைவில் இறங்கும்போது, முன்னால் ஒரு லாரியும் உள்ளே ஒன்பது பேரும் இருக்கையில் நடந்தால் என்ன செய்வது?

"தென்காசில பட்டறையில காட்டிட்டு மத்ததைப் பேசுவோம்" என்றார். பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது. அவர் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கோபுரக் காற்று

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான். ஒன்பது நிலைக் கோபுரம். சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற அந்தக் கோபுரம் திரும்பக் கட்டப்பட்டு, 1990இல் குடமுழுக்குக் கண்டது. அதன் வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். சாரல் காலத்தில் சேலைத் தலைப்பும் வேட்டியும் கையில் நிற்காது.

குடும்பத்தைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, மாமனும் மருமகனும் வேனைப் பட்டறைக்கு மெல்ல உருட்டிப் போனார்கள். மெக்கானிக் ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது பின்சக்கரம் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி நின்றது. இடது, அரைச் சுற்றுக்கே முனகி நின்றுவிட்டது. டிரம்மைக் கழற்றினார். ஒரு பக்க லைனிங் ஏறக்குறைய ரிவெட் வரை தேய்ந்திருந்தது. டிரம் உள்ளே நீலம் பூத்திருந்தது.

"பேரிங் நல்லா இருக்கு அண்ணாச்சி. ஹேண்ட் பிரேக் கேபிள்தான். உறைக்குள்ள துருப் பிடிச்சு ஒட்டிக்கிட்டு. நீங்க லீவரை இறக்குனாலும் ஷூ திரும்பி வரலை. பாதிப் பிரேக் போட்டபடியேதான் ஓட்டிருக்கீங்க. வண்டி எங்கயாவது ரொம்ப நாள் நின்னுச்சா?"

"நிக்கலையே. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் மருமகன்.

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். மார்ச் 11ஆம் தேதி, திருச்செந்தூர் போய் வந்த வரி. அதற்கு அடுத்த வரி ஜூன் 19. நடுவில் ஒன்றும் இல்லை. நூறு நாள். அந்த நூறு நாளும் வேன் வேப்ப மரத்தடியில், ஹேண்ட் பிரேக் இழுத்தபடி, கோடை மழையும் பனியும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஓடாததால் எழுதவில்லை. எழுதாததால், நின்றது யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

"இந்த வெத்து இடம்தான் அண்ணாச்சி விஷயம்" என்றார் மெக்கானிக். "புளியரை இறக்கத்துல லைனிங் கருகுன வாசத்தோட வர்ற வண்டிய நாங்க வாரத்துக்கு ஒண்ணு பாக்கோம். பாதிப்பேரு நல்லா ஓடுற வண்டிக்காரங்க இல்ல. வருஷத்துல மூணு தடவை எடுக்குறவங்கதான்."

கேபிள் மாற்றினார். லைனிங்கை இடது பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் மாற்றினார். ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக இருந்தால், அவசரப் பிரேக்கில் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதியும் நோட்டில் இருந்தது. இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். அதையும் மாற்றினார்கள். பொருளும் கூலியுமாக ரூ.3,850. மூன்றரை மணி நேரம்.

அதற்குள் பெண்களும் பிள்ளைகளும் சாமி கும்பிட்டு, டவுன் பஸ் ஏறிக் குற்றாலம் போய்விட்டிருந்தார்கள்.

கூண்டு வண்டிக் காலம்

மத்தியானம் வேன் குற்றாலம் வந்து சேர்ந்தபோது மீட்டர் 1,84,291 காட்டியது. வீட்டிலிருந்து 79 கிலோமீட்டர். குற்றாலநாதர் கோயிலுக்கு எதிரே, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் வாசமும் மூலிகை எண்ணெய் வாசமும் கலந்து வந்தன. ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடைகூடையாக இருந்தன. சங்கு வடிவில் அமைந்த கோயில் அது. சற்றுத் தள்ளிச் சித்திர சபை. பேரருவி, மேலே பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கிருந்து பொங்கிப் புரண்டு கீழே இறங்குகிறது. அன்றைக்கு அது செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. போலீஸ் கயிறு கட்டி நின்றது.

வெள்ளம் வடியட்டும் என்று எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி தன் சின்ன வயதுக் கதையை ஆரம்பித்தார். அவர் எட்டு வயதில் இங்கே வந்தது கூண்டு வண்டியில். மூன்று நாள் பயணம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். அடியில் தொங்கும் சாக்கில் அரிசி, பருப்பு, ஒரு வெண்கலப் பானை. தோப்பு கண்ட இடத்தில் அவிழ்த்துப் போட்டுச் சமையல், ராத்திரி அங்கேயே தூக்கம்.

"எங்கய்யா தெனமும் விடிய முன்னாடி கடையாணியத் தட்டிப் பாப்பாரு. கெளம்புறதுக்கு முந்தின நாளு சக்கரத்தக் கழத்தி அச்சுக்கு வண்டி மை போடுவாரு. மாட்டுக்கு லாடம் சரியா இருக்கான்னு காலத் தூக்கிப் பாப்பாரு. வீட்டுல வண்டி நிக்கும்போது நுகத்தடியத் தூக்கி முட்டுக் குடுத்து வச்சிருவாரு. சக்கரத்துக்கடியில பலகை போடுவாரு. எதுக்குய்யான்னு கேட்டா, 'மாடு நின்ன நாளும் தீவனம் திங்கும், வண்டி நின்ன நாளு அதைக் கரையான் திங்கும்'னு சொல்லுவாரு."

மருமகன் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.

அந்தக் காலத்து வண்டிக்கு மீட்டர் கிடையாது. ஆனால் கணக்குப் போட வழி உண்டு. ஐந்தடி உயரச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய பதினைந்தே முக்கால் அடி போகும். கிலோமீட்டருக்குச் சுமார் 209 சுற்று. ஆரக்காலில் ஒரு துணியைக் கட்டி எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். இன்றைய மீட்டரும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது: சுற்றை எண்ணித் தூரமாக்குகிறது. கம்பெனி போட்ட அளவை விட்டு வேறு உயர டயர் மாட்டினால் மீட்டர் தப்பாகக் காட்டுவது இதனால்தான்.

மீட்டர் இல்லாத வீடு

வண்டி நிறுத்துமிடத்தில் கேரளப் பதிவெண்ணோடு ஒரு பெரிய வாகனம் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. கேரவன் என்கிறார்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. அதற்குப் பிறகு இத்தகைய வண்டிகள் கணவாய் தாண்டி இந்தப் பக்கமும் தலைகாட்டுகின்றன. பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆச்சியும் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கூண்டு வண்டிதான். மாடு இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

ஆச்சி சொன்னது சரிதான். உல்லாசப் பயணத்துக்கென்று இங்கிலாந்தில் முதலில் பேர் வாங்கிய கேரவனும் குதிரை பூட்டிய கூண்டு வண்டிதான். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 1885இல் அதைச் செய்வித்து ஊர் ஊராகப் போனார். இன்றைக்கு அந்த நாட்டில் பெரும்பாலான கேரவன்களுக்குச் சொந்தமாக இஞ்சின் இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிறார்கள். அதனால் கேரவனில் மீட்டரும் இல்லை. எத்தனை தூரம் ஓடியது என்பது, இழுத்த காரின் மீட்டரைப் பார்த்து யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

இன்னொரு விஷயம்: அந்தக் கேரவன் வருஷத்தில் சில வாரமே ஓடும். மற்ற நாளெல்லாம் நிற்கும். அதனால் அங்கே பராமரிப்பைத் தூரத்தை வைத்து மட்டும் செய்வதில்லை, காலத்தை வைத்துச் செய்கிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கொருமுறை பிரேக்கும் பேரிங்கும் பார்ப்பது. டயரில் கட்டை நிறைய இருந்தாலும் ஐந்திலிருந்து ஏழு வருஷத்துக்குள் மாற்றிவிடுவது. நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டை மறுபடி இறுக்குவது. ஆச்சியின் தகப்பனார் நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்ததும் இதே யோசனையில்தான்.

இந்தப் பேச்சு கேட்கக் கேட்க வீட்டுக்காரருக்கு வேன் மறந்து, வீட்டில் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் கண்முன் வந்தது. அதற்கும் மீட்டர் இல்லை. சோளம் ஏற்றவும் எரு அடிக்கவும் இரண்டு மாதம் ஓடும். பத்து மாதம் களத்தில் நிற்கும். பேரிங்குக்குக் கடைசியாகக் கிரீஸ் வைத்தது எப்போது? அவருக்குத் தெரியவில்லை. மருமகனுக்கும் தெரியவில்லை.

ஏறின கியரில் இறங்கு

சாயங்காலம் நாலு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். தண்ணீர் தலையில் விழும்போது பேச்சு நின்றுவிடுகிறது. உடம்பு முழுக்க யாரோ கையால் அறைவதுபோல. ஆச்சியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் நின்று குளித்தார். ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டா. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழகத்தோடு சேரும் வரை, திருவிதாங்கூர் எல்லை அங்கேதான் இருந்தது. எல்லை போய்விட்டது, பார்டர் என்ற பெயர் கடைப் பலகைகளில் நிலைத்துவிட்டது.

மறுநாள் காலை ஆரியங்காவு. புளியரை தாண்டியதும் தென்னையும் வயலும் விலகி, காடு நெருங்கி வந்தது. 1904இல் இந்தக் கணவாய் வழியாக மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. 2018இல் அது அகலப் பாதையாகித் திரும்ப ஓடியது. சாலைக்குப் பக்கத்திலேயே குகைகளும் பாலங்களுமாக அந்தத் தடம் மலையைக் குடைந்து போகிறது.

கோயில் முடித்துத் திரும்பும்போது, இறக்கம் தொடங்கும் முன்பே மாமா சொன்னார்: "எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு. நியூட்ரல்ங்கிற பேச்சே கூடாது."

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர்கள் உண்டு. சிலர் இஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். கியரில் இருக்கும்போது இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். இஞ்சினை அணைத்தால், பெடலுக்குத் துணை நிற்கும் வெற்றிட விசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். மிச்சமாவது ஒரு டம்ளர் டீசல்.

வழியில், ஒரு லோடு வண்டியின் பின்புறத்தில் இருபது பேருக்கு மேல் நின்றபடி போனார்கள். சரக்கு வண்டியில் இப்படி ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்தானால் இழப்பீடு வாங்குவதும் பெரும்பாடு. டிராக்டர் டிரெய்லரில் கோயில் கொடைக்குப் போகிறவர்களுக்கும் இதேதான்.

புளியரையில் இறங்கி நிறுத்தினார்கள். இந்த முறை மருமகனே இறங்கிப்போய், நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டிவிட்டு வந்தார். "நாலும் ஒண்ணுபோல மாமா."

"எழுது" என்று நோட்டை நீட்டினார்.

களத்தில் நின்ற டிரெய்லர்

ஊர் திரும்பிய மறுநாள், டிரெய்லரை ஜாக்கியில் தூக்கினார்கள். ஒரு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது கடகடவென்று ஆடியது. கழற்றினால், பேரிங்கில் கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டிருந்தது. டயரில் கட்டை பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இதில் 3214 என்று இருந்தது. 2014ஆம் வருஷத்தின் 32ஆவது வாரம்.

சோளம் மூட்டையோடு அந்தச் சக்கரம் நெடுஞ்சாலையில் கழன்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருமகன் பெட்டிக்கடைக்குப் போய் இன்னொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தார்.

அதில் ஐந்தாவதாக ஒரு பத்தி கூடியிருக்கிறது: "நின்ற நாள்." முதல் வரியை ஆச்சி எழுதச் சொன்னபடி, பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். தேதி. டிரெய்லர். கிரீஸ் வைத்தாயிற்று. சக்கரத்துக்கடியில் பலகை போட்டாயிற்று.

நோட்டில் எழுத வேண்டியவை

● ஒவ்வொரு பயணத்துக்கும்: தேதி, கிளம்பிய மீட்டர், சேர்ந்த மீட்டர், சுமை அல்லது ஆள், மலைப்பாதையா சமதளமா.

● டீசல்: ஒவ்வொரு முறையும் டேங்க் நிறையப் பிடித்து, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து எழுதுங்கள். ஒருமுறை குறைந்தால் சுமையாக இருக்கலாம். காரணமில்லாமல் குறைந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் மூன்றையும் பாருங்கள்.

● மீட்டர் இல்லாத டிரெய்லருக்கு: வயலிலிருந்து சந்தைக்கு 14 கிலோமீட்டர் என்றால் போய்வர 28, ஐம்பது நடைக்கு 1,400 கிலோமீட்டர். நடையை எண்ணினாலே போதும்.

● டிராக்டருக்கு: கிலோமீட்டர் அல்ல, மணி மீட்டர்தான் கணக்கு. எத்தனை மணிக்கு ஆயில் மாற்றுவது என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்து முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

● பத்து நாளுக்கு மேல் நின்றால்: நிறுத்திய தேதி, எடுத்த தேதி இரண்டையும் எழுதுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள். எடுக்கும்போது முதல் பத்து கிலோமீட்டரில் இறங்கி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

● கடைசிப் பக்கம்: டயரின் நான்கு இலக்கம், பிரேக் ஆயில் மாற்றிய தேதி, காப்பீடும் தகுதிச் சான்றும் புகைச் சான்றும் முடியும் தேதி.